எஞ்சின் மவுண்ட்டுக்கு 12.9 போல்ட் எதற்கு?

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள், அதிலும் குறிப்பாகக் கல்லூரிப் பந்தயக் கார் கட்டும் மாணவர்கள், எஞ்சினைக் காரின் சட்டத்தோடு பிணைக்கும் எஞ்சின் மவுண்ட் என்று வந்ததும் கடையில் இருப்பதிலேயே உயர்ந்த போல்ட்டைத்தான் கேட்கிறார்கள். தலையில் 12.9 என்று பொறித்த கறுப்பு ஆலன் போல்ட்டைப் போட்டுவிட்டால் எஞ்சின் அசையவே அசையாது என்ற நம்பிக்கை எப்படியோ வேரூன்றிவிட்டது. என்னைக் கேட்டால், பெரும்பாலான சிறிய கார்களுக்கு 8.8 தரத்து 10 எம்.எம். போல்ட்டே தாராளம் என்பேன். கவலைப்பட வேண்டியது அது எதை, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றித்தான்.

கணக்கைப் பார்ப்போம். 8.8 என்பதில் முதல் எண், போல்ட் அறுவதற்குச் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் தேவை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், அதில் 80 சதவீதமான 640இல் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. 10 எம்.எம். போல்ட்டின் மரைப் பகுதியில் பளு தாங்கும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். குறுக்காக வெட்டும் விசைக்கு ஏறத்தாழ 60 சதவீத வலிமைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே போல்ட் அறுவதற்குச் சுமார் 2.8 டன் விசை வேண்டும். கியர்பாக்ஸோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள எஞ்சின், பள்ளத்தில் விழுந்து ஐந்து மடங்கு எடையாக இறங்கினாலும் அது அரை டன்தான்.

எடையைவிடப் பெரிய சுமை ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. முன்சக்கர இயக்கக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே எடுத்துப் பின்னால் பொருத்தும்போது, விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள் இருப்பதால், சக்கரத்துக்குப் போகும் முழு முறுக்குவிசையின் எதிர்விசையையும் மவுண்ட்டுகளே தாங்கியாக வேண்டும். 90 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், முதல் கியரில் மொத்தப் பல்சக்கர விகிதம் 14 என்றால், அது 1,260 ஆகிவிடும். மவுண்ட்டுகள் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோவுக்கு மேல் ஏறும்; கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்னும் கூடும். இதையும் 8.8 தாங்கும், இறுக்கம் சரியாக இருக்கும்வரை.

10 எம்.எம். போல்ட்டை உலர்ந்த மரையில் 50 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினால், அது இரு தகடுகளையும் ஏறத்தாழ இரண்டரை டன் விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் உண்மையில் எஞ்சினைத் தாங்குகிறது. போல்ட் வெட்டு விசையை நேரடியாகச் சந்திப்பதே இல்லை. இறுக்கம் தளர்ந்ததும் தகடுகள் நழுவுகின்றன, ஒவ்வொரு அதிர்வும் போல்ட்டை வளைத்து நிமிர்த்துகிறது, எத்தனை உயர்ந்த தரமானாலும் அது களைத்து உடைகிறது. குறுக்கு அதிர்வில் போல்ட் எப்படித் தானாகவே கழல்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். அத்தகைய அதிர்வில் ஸ்பிரிங் வாஷரால் பயனில்லை என்பது தெரிந்த பிறகும் நாம் அதைப் பக்தியோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இறுக்கம் கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் சேசிஸ், அதாவது காரின் சட்டத்தின், குழாய். 1.6 எம்.எம். சுவருள்ள குழாயில் துளையிட்டு நேராக போல்ட்டை விட்டு இறுக்கும்போது, ஸ்பேனர் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெத்தென்று போய்க்கொண்டே இருக்குமே தவிர, ‘கிண்’ணென்று நிற்காது, குழாய் உள்வாங்கி நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துளையைப் பெரிதாக்கி, குறுக்கே போல்ட் நுழையும் ஓர் எஃகு ஸ்லீவ் (சிறு குழல்) வைத்து வெல்டு செய்த பிறகுதான் போல்ட்டுக்கே வேலை தொடங்குகிறது. அதிர்வைத் தணிக்க மவுண்ட்டில் வைக்கும் ரப்பர் புஷ்ஷிலும் இதே கதைதான்: இறுக்க வேண்டியது உள்ளே இருக்கும் எஃகுக் குழலை, ரப்பரை அல்ல.

அடுத்தது மரை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய மாருதி எஞ்சினானாலும் வேறு ஜப்பானிய வழி எஞ்சினானாலும், 10 எம்.எம். துளைகளில் பெரும்பாலும் 1.25 பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே 1.25 எம்.எம். தூரம்) மரை இருக்கும். ஹார்டுவேர் கடையில் சும்மா கேட்டால் கையில் கொடுப்பது 1.5. அது ஓரிரு சுற்று நன்றாகவே ஏறும். பிறகு சற்றுக் கடினமாகும். அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினியத்தின் மரை சுருள் சுருளாக வெளியே வந்துவிடும். கையால் முழுவதும் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. அலுமினியத்துக்குள் குறைந்தது 15 எம்.எம். ஆழமாவது போல்ட் இறங்கியிருக்க வேண்டும்.

கழலாமல் பிடித்துக்கொள்ள உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் நல்லது, ஆனால் அந்த வளையம் ஏறத்தாழ 120 டிகிரி வரைதான் தாங்கும். சைலன்சர் குழாய்க்கு அருகில் முழு உலோக லாக் நட்டுதான் சரி. பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்கள், வழக்கமான ஏ2-70 வகையின் வலிமை 8.8ஐவிடக் குறைவு என்பதை நினைவில் கொள்ளட்டும். 12.9ஐயே போட்டுத் தீருவேன் என்பவர்கள், துருவுக்குப் பயந்து அதற்கு மின்முலாம் பூசக் கொடுக்காமலாவது இருக்க வேண்டும். முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன், இறுக்கி வைத்த போல்ட்டைப் பின்னொரு நாள் முன்னறிவிப்பின்றி முறிக்கக்கூடும். தலையில் தர எண்ணும் தயாரிப்பாளர் குறியும் இல்லாத போல்ட்டைச் சாதாரண இரும்பாகவே கருத வேண்டும், கடைக்காரர் எதைச் சொன்னாலும் சரி.

இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் தகட்டின் மேலுமாகப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் மறுபடி இறுக்கிவிட்டு நகர்ந்துவிடாமல், கழற்றிப் பாருங்கள்: வாஷருக்கு அடியில் தடிமனான பவுடர் கோட்டிங் நசுங்கியிருக்கும், அல்லது துளை நீள்வட்டமாகத் தொடங்கியிருக்கும். முன்னதற்குச் சுரண்டி எடுத்தால் போதும். பின்னதற்கு பிராக்கெட்டையே மாற்ற வேண்டும்.