மே மாதத்து முட்டை

2025 மே 17, சனிக்கிழமை. மணி இரவு பதினொன்றரை இருக்கும். லண்டன் குராய்டனில் எங்கள் வீட்டு சோஃபாவில், பஜ்ஜி தீர்ந்துபோன தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மேடையிலிருந்து யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் மக்கள் ஓட்டுகளை ஒவ்வொரு நாடாக வாசிக்கிறார்கள். பிரிட்டன் முறை வந்தது. பூஜ்யம். "இந்த வருஷமும் முட்டையா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். டிவியைப் பார்க்கவே இல்லை. என் பெருமூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

முட்டை எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நானே வாங்கியிருக்கிறேன். முட்டை வாங்கினால் வீட்டில் என்ன சொல்வோம்? வாத்தியாருக்கு என்னைக் கண்டால் ஆகாது என்போம். அறுபது, எழுபது வயதான ஒரு பெரிய போட்டியில் ஒரு நாடே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகிறேன். பக்கத்து மேஜைக்காரர் தேநீரைக் கலக்கிக்கொண்டே ஆரம்பிக்கிறார். "எல்லாம் அரசியல். அங்கே யாருக்கும் நம்மைப் பிடிக்காது. பக்கத்து நாட்டுக்குப் பக்கத்து நாடு போட்டுக்கொள்கிறது." போன வருஷமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தைய வருஷமும் இதேதான். ஈராக் போர் என்பார்கள், அப்புறம் பிரெக்ஸிட் என்பார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

பக்கத்து வீட்டுப் பாசம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிரீஸும் சைப்ரஸும் மாறி மாறிப் பன்னிரண்டு புள்ளி கொடுத்துக்கொள்வது ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் பிரிட்டனுக்குப் பக்கத்து வீடே கிடையாதா? அயர்லாந்து இருக்கிறது. மால்டா இருக்கிறது. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆஸ்திரேலியா வேறு வந்து ஓட்டுப் போடுகிறது. மூன்று பேரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள், மூவருக்கும் இந்த ஊரோடு தலைமுறை தலைமுறையாக உறவு. அந்த இரவில் இந்த மூன்று நாட்டு மக்களும் பிரிட்டனுக்குக் கொடுத்ததைக் கூட்டினால் வருவது பூஜ்யம்தான். இதில் என்ன அரசியல்?

புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இறுதிச் சுற்றில் 26 பாட்டு. ஒவ்வொரு நாட்டு மக்களும் முதல் பத்துப் பாட்டுக்கு மட்டும்தான் புள்ளி தரலாம்: 12, 10, அப்புறம் 8 முதல் 1 வரை. பதினொன்றாவது பாட்டுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் பூஜ்யம் என்றால் ஐரோப்பா முழுக்க வெறுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நாட்டில்கூட முதல் பத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் வெறுப்பைவிட இது மோசம். வெறுத்தவனாவது பாட்டை ஞாபகம் வைத்திருப்பான்.

இத்தனைக்கும் அந்த வருஷம் போனது மோசமான குழு இல்லை. மூன்று பெண்கள், மூன்று குரலும் ஒன்றோடொன்று இழைந்து போகிறது. ஒவ்வொரு நாட்டிலும் இசைத் துறையினர் அடங்கிய நடுவர் குழு ஒன்று தனியாகப் புள்ளி கொடுக்கும். அவர்கள் 88 கொடுத்தார்கள். மக்கள் கொடுத்தது பூஜ்யம். மூன்று நிமிஷத்துக்குள் தாளம் நான்கைந்து தடவை மாறினால் சாதாரண மனுஷன் எந்த இடத்தில் தலையாட்டுவான்? அதற்கு முந்தைய வருஷம் மால்மோவில் இன்னும் கொடுமை. பெயர் பெற்ற பாடகர் ஒருவரை அனுப்பினார்கள். அழுக்கான உடற்பயிற்சிக்கூடம் மாதிரி ஒரு அரங்க அமைப்பு, சுற்றிலும் ஆட்டக்காரர்கள். நடுவர்கள் 46, மக்கள் பூஜ்யம். 2021-ல் ராட்டர்டாமில் நடுவர்களும் பூஜ்யம், மக்களும் பூஜ்யம். மேடையில் ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டு பிரம்மாண்டமான ட்ரம்பெட்டுகளை வேறு வைத்திருந்தார்கள். பாவம், பாடிய ஜேம்ஸ் நியூமன் நல்ல மனுஷர். பூஜ்யத்தைக் கேட்டதும் எழுந்து நின்று சிரித்தார், அரங்கமே கைதட்டியது. கைதட்டியவர்களில் ஒருத்தர் முன்னாடியே ஓட்டுப் போட்டிருந்தால் என்னவாம்?

சரி, எல்லாம் அரசியல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2022-க்கு என்ன பதில்? டூரின் நகரத்தில் சாம் ரைடர் என்ற எஸெக்ஸ்காரர், ஊரடங்குக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து டிக்டாக்கில் பாடிப் பெயர் வாங்கியவர், 466 புள்ளியோடு இரண்டாம் இடம். நடுவர் கணக்கில் அவர்தான் முதல். மக்கள் மட்டும் 183 கொடுத்தார்கள். பிரெக்ஸிட் நடந்து முடிந்திருந்தது, அதே பிரிட்டன்தான், ஓட்டுப் போட்டதும் அதே ஐரோப்பாதான். மேலே இருந்தது உக்ரைன் மட்டும். போர் நடந்துகொண்டிருந்த வருஷத்தில் அவர்களுக்கு ஓட்டு விழுந்ததை யார் குறை சொல்ல முடியும்? நல்ல குரல், நல்ல பாட்டு, பாடுகிறவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். இவ்வளவுதான் கேட்டார்கள், கொடுத்ததும் அள்ளிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு ராத்திரி யாரோ வெடிகூடப் போட்டார்கள். நானும் எழுந்து ஆடினேன், என் மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள், இன்றுவரை அழிக்க மாட்டேன் என்கிறாள்.

அப்பாடா, இனி கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த வருஷம், ஜெயித்த உக்ரைனில் போரால் நடத்த முடியாததால், லிவர்பூலிலேயே போட்டி. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். 26 பேரில் 25-ஆம் இடம். 24 புள்ளி.

இந்த ஊர்க்காரர்களின் உண்மையான வியாதி வேறு. இந்தப் போட்டியை அவர்கள் மதிப்பதே இல்லை. பல வருஷம் வர்ணனை சொன்ன டெரி வோகன் இங்கே எல்லோருக்கும் செல்லம். ஒன்பதாவது பாட்டு வரும்வரை குடிக்காதீர்கள் என்று தனக்கு அடுத்து வந்தவருக்கு அறிவுரை சொன்னவர். அந்தக் கிண்டலைக் கேட்கத்தான் பாதி ஜனம் டிவி போட்டது, நானும் பழைய காட்சிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பாட்டையும் நகையையும் நக்கலடித்துவிட்டு, நமக்கு மட்டும் ஏன் தாம்பூலப் பை தரவில்லை என்று கேட்டால் எப்படி? 2003-ல் ரீகாவில்தான் பிரிட்டன் முதன்முதலாகப் பூஜ்யம் வாங்கியது. பாடிய ஜோடியின் ஸ்ருதி எங்கேயோ போயிருந்தது. தங்கள் குரலே மேடையில் சரியாகக் கேட்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். இங்கே அதற்குக் கண்டுபிடித்த காரணம், ஈராக் போர்.

இன்னொரு வழக்கம், பரணிலிருந்து பழைய பாத்திரத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து அனுப்புவது. 2012-ல் பாகுவுக்கு எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்கை அனுப்பினார்கள். இவர் யார் தெரியுமா? நம்ம மெட்ராஸில் 1936-ல் பிறந்தவர்! பிறந்தபோது பெயர் ஆர்னால்டு டார்சி. 1967-ல் இவர் பாட்டு பீட்டில்ஸையே முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது. அப்போது அனுப்பியிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். 76 வயதில் அனுப்பி, அதுவும் வரிசையில் முதல் ஆளாகப் பாடவைத்து, 12 புள்ளியோடு கடைசிக்கு முந்தைய இடத்தில் உட்காரவைத்தார்கள். மெட்ராஸ்காரன் என்ற முறையில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பாடம் போதாதென்று மறு வருஷம் எண்பதுகளின் நட்சத்திரம் பானி டைலர். 19-ஆம் இடம். மரியாதையாக வீட்டில் இருக்க வேண்டியவர்களைக் கூட்டிப்போய் இப்படிச் செய்வதற்குப் பேர் கௌரவமா?

போதாக்குறைக்கு பரீட்சை எழுதாமலே மேல் வகுப்புக்குப் போகிற சலுகை வேறு. அதிகப் பணம் கட்டுகிற சில நாடுகளில் ஒன்று என்பதால் பிரிட்டனுக்கு அரையிறுதியே கிடையாது, நேராக இறுதிச் சுற்றுதான். மற்ற நாட்டுப் பாட்டுகள் அரையிறுதியில் ஓட்டு வாங்கி, அடிபட்டு, தேறி வருகின்றன. பண்ணையார் வீட்டுப் பிள்ளை மட்டும் மாட்டுவண்டியிலிருந்து நேராகத் தலைவாழை இலைக்கு முன்னால் வந்து இறங்கும். அதே சலுகை உள்ள இத்தாலி 2021-ல் ஜெயித்ததே என்று கேட்காதீர்கள், நான் அழுதுவிடுவேன். இத்தாலிக்காரர்கள் தங்கள் சான்ரெமோ விழாவில் ஊரே பார்க்க மோதவிட்டுப் பெரும்பாலும் ஜெயித்தவரையே அனுப்புகிறார்கள், அவர்கள் மொழியிலேயே. சுவீடனில் வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போட்டி நடக்கிறது, நாடே ஓட்டுப் போடுகிறது. இதுவரை ஏழு தடவை ஜெயித்திருக்கிறார்கள். 2025-ல் பின்லாந்தைச் சேர்ந்த மூன்று பேர் அங்கே போய், சானா என்ற வெப்பக் குளியல் அறையில் உட்கார்ந்து வியர்ப்பதைப் பற்றி சுவீடிஷில் ஒரு பாட்டுப் பாடி ஜெயித்து, பாசலில் நான்காம் இடம் வந்தார்கள். வியர்வைக்கு நான்காம் இடம்!

இங்கே? 2020 முதல் பிபிசி உள்ளுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கிறது. டிவி லைசென்ஸ் என்று 2025-ல் 174 பவுண்டு 50 பென்ஸ் கட்டிய எனக்கு ஒரு ஓட்டுக் கிடையாது. ஒரு நாள் அறிவிப்பார்கள், நாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். 2016 முதல் 2019 வரை மக்கள் தேர்வும் இருந்தது, அதிலும் ஒன்றும் கிழிக்கவில்லை, 2019-ல் கடைசி இடம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோற்றாலும் நாம் தேர்ந்தெடுத்துத் தோற்றோம் என்றிருந்தது. இப்போது வருகிற பாட்டைக் கேட்டால் ஒரு பெரிய மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து, "இதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டு முடிவெடுத்தது மாதிரி இருக்கிறது. யாருக்கும் ஆட்சேபம் இல்லாத பாட்டுக்கு யார் காசு செலவழித்து ஓட்டுப் போடுவார்கள்?

1997-ல் டப்ளினில்தான் பிரிட்டன் கடைசியாக ஜெயித்தது. அதுவரை ஐந்து வெற்றி. அதற்குப் பிறகு 1999-ல் அவரவர் மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டார்கள், எல்லோரும் ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு இருந்த ஒரே சாதகமும் போயிற்று. அதற்கு அப்புறமாவது இந்த மண்ணில் என்னதான் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா? கிரைம் (grime) என்கிற தெரு ராப் இசை இங்கே பிறந்தது. பஞ்சாபி பங்க்ரா இங்கே வந்து வேறொன்றாக மாறியது. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா இந்த லண்டனிலிருந்துதான் எம்.ஐ.ஏ. என்ற ராப் பாடகி ஆகி உலகத்தையே ஆடவைத்தார். அவரை அனுப்பு என்று சொல்லவில்லை, அவர் போகவும் மாட்டார். தெருவில் இவ்வளவு சத்தம் கேட்கிற ஊரிலிருந்து, லிஃப்டுக்குள் ஒலிக்கிற பாட்டு எப்படி வெளியே போகிறது என்றுதான் கேட்கிறேன்.

என் மகள் ஒவ்வொரு வருஷமும் நோட்டில் கோடு போட்டு, கலர் பென்சிலால் கொடி வரைந்து, எல்லோருக்கும் மார்க் போடுவாள். அன்றைக்குப் பிரிட்டனுக்குப் பத்துக்கு மூன்று. "நம்ம ஊரும்மா, கொஞ்சம் கூட்டிப் போடேன்" என்றேன். "அப்பா, அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுங்க, ஏழு போடறேன்" என்றாள். பாட்டு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தேன். வந்தது சானா பாட்டு.

சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது என்பது விதி. அதனால் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற என் மைத்துனனுக்கு முன்னாடியே ஃபோன் செய்து சொல்லிவைத்திருந்தேன். ஒருத்தர் இருபது ஓட்டு வரை போடலாம், அக்கா வீட்டுக்காக ஒன்றே ஒன்று போடு, காசு நான் தருகிறேன் என்று. பூஜ்யம் வந்ததும் கூப்பிட்டேன்.

"போட்டியாடா?"

"போட்டேன் மாமா."

"யாருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னணியில் அவன் பிள்ளைகள் எதையோ பாடிக்கொண்டு குதிப்பது மட்டும் கேட்டது. எந்தப் பாட்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இருபதுமா?"

"இருபதும்தான் மாமா. காசு வேண்டாம்."