பந்தயத் திடலில் தண்ணீருக்கும் இடம் கொடுங்கள்

உதகை குதிரைப் பந்தயத் திடல் 2024 ஜூனில் தோட்டக்கலைத் துறையின் கைக்கு வந்ததையும், அந்த ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பூங்காவாக வேண்டும் என்பதையும் வரவேற்று எழுதப்பட்ட கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆயினும் அதில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டிருக்கிறது. உதகையை நிறுவிய ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்ட உதகை ஏரி இன்றைய அளவைவிட மிகப் பெரியது; அதன் ஒரு பகுதி தூர்க்கப்பட்ட பிறகே பேருந்து நிலையமும் இந்தத் திடலும் அங்கே இடம்பிடித்தன. கனமழை பெய்யும் நாள்களில் அந்தத் தாழ்நிலத்தில் தண்ணீர் தேங்குவதைக் குற்றமாகச் சொல்கிறோம். உண்மையில் தண்ணீர் தன் பழைய இடத்துக்கே திரும்புகிறது.

ஆகவே, கான்கிரீட் நடைபாதைகளும் செயற்கை நீரூற்றுகளும் அமைத்து, 1848 முதல் இருக்கும் தாவரவியல் பூங்காவின் இன்னொரு நகலை உருவாக்குவதைவிட, ஒரு பகுதியையேனும் சதுப்பு நிலமாக மீட்டு, கரையோரங்களில் நம் மலைக்கே உரிய புல்வகைகளையும், மேட்டில் காட்டுப்பூவரசு, நாவல் போன்ற சோலை மரங்களையும் வளர்ப்பதே பொருத்தமாகும். வெளிநாட்டு மரங்களான சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டு நம் புல்வெளிகளை இழந்த அனுபவம் நமக்குப் போதாதா? முக்கியமாக, பூங்கா சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமானதாக இல்லாமல், மார்க்கெட்டுக்கு வந்து போகும் உள்ளூர் மக்கள் கட்டணமின்றி உட்கார்ந்து இளைப்பாறும் இடமாகவும் இருக்க வேண்டும் என்று அதிகாரிகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.