8081-ல் உட்கார்ந்திருப்பது யார்?

போர்ட் (கணினியில் ஒரு ப்ரோகிராம் உட்கார்ந்திருக்கும் கதவின் எண்) மாற்றுவது என்றால் ஓர் எண்ணை அழித்துவிட்டு இன்னொன்றை எழுதுவது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். ஒரு மதியம் முழுக்கப் போன பிறகுதான் புத்தி வந்தது.

மொபைல் ஆப் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில், ஆப்பின் கோடை ஃபோனுக்கு அனுப்பும் மெட்ரோ சர்வர் வழக்கமாக 8081-ல் ஓடும். ஆபீஸ் லேப்டாப்பில் அதைக் கிளப்பினால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்றது. அங்கே யார் என்று பார்த்தால், ஐ.டி. பிரிவு போட்டுவைத்த பாதுகாப்பு மென்பொருள். எல்லோரும் சொல்கிற வைத்தியம் ‘கில் மைனஸ் 9’, அதாவது ப்ரோகிராமை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை. அட்மின் அதிகாரம் தரும் சூடோவும் சேர்த்துப் போட்டேன். அடுத்த நொடியே புது ப்ராசஸ் எண்ணோடு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, நாமே நகர்ந்துகொள்வோம் என்று 8088 கொடுத்தேன். அங்கும் இடமில்லை. பக்கத்தில் ஃபிளிப்பர் என்கிற பிழை தேடும் கருவி திறந்திருந்தது. 8088, 8089 இரண்டும் அதன் வழக்கமான போர்ட்கள். (2020-ல் வந்த 0.62 பதிப்பிலிருந்து ரியாக்ட் நேட்டிவோடு ஃபிளிப்பரும் கூடவே வந்த காலம் அது.) கடைசியில் 8090. மெட்ரோ ஓடியது. ஃபோனில் மட்டும், சர்வர் கிடைக்கவில்லை என்கிற சிவப்புத் திரை.

காரணம் எளிது. சர்வர் வீடு மாறிவிட்டது, ஆப் இன்னும் பழைய கதவைத் தட்டுகிறது. அதிலும் ஃபோனில் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கருவி’ என்கிற முகவரி) என்றால் அது அந்த ஃபோன்தான், நம் லேப்டாப் இல்லை. ஃபோனைக் குலுக்கி டெவ் மெனுவில் புது முகவரி கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: ஆண்ட்ராய்டு ஃபோனை லேப்டாப்போடு பேசவைக்கும் ஏடிபி கருவியின் ரிவர்ஸ் கட்டளையில் முதலில் 8081, அடுத்து 8090. முதல் எண் ஃபோனுக்கு, இரண்டாவது லேப்டாப்புக்கு. ஆப்பைத் தொடவே வேண்டாம். ஆனால் கேபிளைப் பிடுங்கினால் இந்த ஏற்பாடு போய்விடும், மறுபடி போட வேண்டும். லேப்டாப்பிலேயே ஓடும் போலி ஃபோனான எமுலேட்டருக்கு இது உதவாது. அங்கே ஆப் 10.0.2.2 வழியாக நேரே லேப்டாப்புக்குப் போகிறது.

என் ஆத்திரமெல்லாம் கருவி செய்கிறவர்கள் மேல்தான். 65,535 போர்ட்கள் இருக்க, எல்லோரும் 8080-க்குப் பக்கத்திலேயே ஏன் குடியேற வேண்டும்? அப்படியே இருந்தாலும், எண்ணை மாற்றினால் இரண்டு முனைக்கும் சேர்த்து மாறுகிற மாதிரி ஒரே இடத்தில் வைக்கக் கூடாதா? ஆப் எழுத உதவும் இன்னொரு கருவியான ஃப்ளட்டரைப் பாருங்கள். பிழை தேட உதவும் டீபக் சர்வீஸுக்குக் காலியாக உள்ள போர்ட்டைத் தானே தேடி எடுத்து, முகவரியைக் கன்சோலில் காட்டிவிடுகிறது. குறிப்பிட்ட எண்தான் வேண்டுமென்றால் அப்போது நாம் கொடுத்தால் போதும். இதுதான் சரியான வரிசை என்பேன்.

எங்கள் ப்ராஜெக்டில் இப்போது ஒரே ஸ்கிரிப்ட். மெட்ரோவை 8090-ல் கிளப்பும், ரிவர்ஸையும் அதுவே போடும். டீமுக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் கேட்டான், “அண்ணா, ஏன் 8090? ஏதாவது ஸ்பெஷலா?” 8081-ல் யார் இருக்கிறார் என்று அவனையே பார்க்கச் சொன்னேன். இன்னும் அவரேதான் உட்கார்ந்திருக்கிறார்.