மூக்கைத் தூக்குற படகுக்கு முதல் மருந்து ரெக்கை இல்லைங்க

"படகு மூக்கைத் தூக்குது, திருப்பினா வழுக்குது, என்ன மாட்டலாம்?" மேட்டூர் தண்ணியில ஓட்டறதுக்குன்னு 14 அடி ஃபைபர் படகு வாங்கினவங்க யார் கேட்டாலும் கிடைக்கிற பதில் ஒண்ணுதான். "ஹைட்ரோஃபாயில் ஒண்ணு, அதான் மோட்டார்ல மாட்டற ரெக்கை, வாங்கி மாட்டுங்கண்ணே, சரியாப் போயிடும்." மோட்டார் எத்தனை ஹெச்பி, பெட்ரோல் டேங்க் எங்க இருக்கு, பின்னாடி எத்தனை பேர் உட்கார்றாங்க, எதையும் கேட்கறதில்லை. கேட்காமலே நாலு ஓட்டை போடச் சொல்றாங்க. வயிறு எரியுது.

அந்த ஓட்டை எங்க விழுதுன்னு பாருங்க. ப்ரொப்பல்லருக்கு மேல பட்டையா ஒரு தட்டு நீட்டிட்டு இருக்கும். மெக்கானிக்குங்க கேவிடேஷன் பிளேட்னு சொல்வாங்க. மேல இருக்கிற காத்தை ப்ரொப்பல்லர் உறிஞ்சாம தடுக்கறதுதான் அதோட வேலை. வார்ப்பு அலுமினியம், பாரம் தாங்கறதுக்குன்னு பண்ணினது இல்லை. ரெக்கையை அதுல முடுக்கினா, படகோட பின்பக்கத்தைத் தூக்கற விசை மொத்தமும் அந்த நாலு போல்ட்டு வழியா அதுமேல இறங்குது. தண்ணிக்குள்ள ஒரு கட்டையில இடிச்சாப் போதும், ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். தட்டை மட்டும் தனியா மாத்த முடியாது, மோட்டாரோட கீழ்க்கூடான ஹவுசிங்கோட சேர்த்துத்தான் மாத்தணும். வேகமாப் போய்ச் சட்டுனு திருப்பும்போது ரெக்கை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைத் தண்ணியில குத்த வெச்சா, படகு அந்த மூக்கைச் சுத்தியே திரும்பும், உட்கார்ந்திருக்கிறவங்க வெளியே போவாங்க. இதை விக்கிறவங்க யாராவது வாய் திறந்து சொல்றாங்களா?

காசே செலவில்லாம பார்க்க வேண்டியதை முதல்ல பாருங்க. கொத்தனார்கிட்ட இருக்கிற மட்டப்பலகையை வாங்கிட்டு வாங்க. படகைத் தரையில ஏத்தி, அடிப்பக்க நடுக்கோட்டோட ஒட்டிப் பலகையைப் பின்னால மோட்டார் வரைக்கும் நீட்டிப் பிடிங்க. அந்தத் தட்டு பலகைக்கு நேரா, இல்லைன்னா ஒரு அங்குலம் மேல இருக்கணும். ரொம்பக் கீழ இருந்தா இழுவை, ஸ்டியரிங் கனம், பின்னாடி தண்ணி பீச்சும். ரொம்ப மேல இருந்தா திருப்பும்போது காத்தை உறிஞ்சி ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு மோட்டார் சுத்தற சுத்து) எகிறும், பிடி விடும். "வழுக்குது"ன்னு சொல்றதுல பெரும்பங்கு இதுதான். 15 அங்குல ட்ரான்சத்துல (மோட்டார் மாட்டற பின்சுவர்) 20 அங்குல லாங் ஷாஃப்ட் மோட்டார் மாட்டிட்டு, அதைச் சரி பண்ண ரெக்கை வாங்கறது எந்த ஊர் நியாயம்? உயரத்தை அரை அரை அங்குலமா மாத்தி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்க. கிளாம்ப்பைத் திரும்ப இறுக்கி, சேஃப்டி செயினையும் போட்டுட்டு ஓட்டுங்க.

அதே பலகையை அடிப்பக்கத்தோட கடைசி நாலஞ்சு அடியில வெச்சுப் பாருங்க. நடுவுல குழிஞ்சிருந்தா மூக்கு அமுங்கும். வெளியே புடைச்சிருந்தா படகு தவளை மாதிரி துள்ளும். ரெண்டு செங்கல்லு மேல மாசக்கணக்கா நிறுத்தி வெச்ச ஃபைபர் படகுக்கு இது வரும். அதுக்கு ஃபைபர் வேலைதான் மருந்து.

அப்புறம் மோட்டார் சாய்வை மாத்தற ட்ரிம் பின். சின்ன மோட்டார்ல கிளாம்ப் பக்கத்துல நாலஞ்சு துளை வரிசையா இருக்கும். மூக்கு தூக்கினாலோ துள்ளினாலோ பின்னை ட்ரான்சத்தை ஒட்டின துளைக்கு மாத்துங்க. மூக்கு குத்தினா வெளித்துளைக்கு. ஒரு நிமிஷ வேலை. வாங்கின நாள்லேருந்து இதைத் தொடாதவங்கதான் ரெக்கைக்கு விலை விசாரிக்கிறாங்க!

பாரத்துக்கு வாங்க. 25 லிட்டர் பெட்ரோல் மட்டும் கிட்டத்தட்ட 18 கிலோ. அதுக்கு மேல பேட்டரி, நங்கூரம், ரெண்டு ஆள், மோட்டார்னு எல்லாத்தையும் கடைசி நாலடியில குவிச்சா மூக்கு தூக்காம என்ன செய்யும்? பெட்ரோல் ஹோஸை நீளமாப் போட்டு டேங்கை நடுவுக்குக் கொண்டு வாங்க. தரைக்கு அடியில இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருக்கான்னும் பாருங்க. பழைய படகுல அதுவே ஒரு ஆள் பாரம் ஏத்தியிருக்கும்.

ப்ரொப்பல்லர்லதான் ஏமாத்து ஜாஸ்தி. ஆர்பிஎம் காட்டற, பிளக் வயர்ல சுத்தற சின்ன டேக்கோமீட்டரை மாட்டி, வழக்கமான பாரத்தோட முழு த்ராட்டில்ல ஓட்டுங்க. மோட்டார் மேனுவல்ல 5,000 முதல் 6,000 ஆர்பிஎம்னு இருந்து உங்களுக்கு 4,600 தான் வருதுன்னா பிட்ச் (ஒரு சுத்துக்கு ப்ரொப்பல்லர் முன்னால நகரற அங்குலக் கணக்கு) அதிகம். ஒரு அங்குலம் குறைச்சா 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும், அப்ப மூணு அங்குலம் குறைங்க. பின்பக்கம் தூக்கணும், திருப்பத்துல பிடி வேணும்னா நாலு இலை ப்ரொப்பல்லர். அது ரெக்கை செய்யற வேலையில பாதியை ஓட்டை போடாமலே செய்யும். ஸ்டீல் ப்ரொப்பல்லர்தான் ஒசத்தின்னு மேட்டூருக்குத் தள்ளிவிடாதீங்க. தண்ணி இறங்கிப் பண்ணவாடியில மூழ்கின கோயில் நந்தி வெளியே தெரியற காலத்துல பாறையும் அடிமரமும் எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அலுமினியம்னா இலை வளையும். ஸ்டீல்னா அடி உள்ள கியர் வரைக்கும் போகும்.

இதே ஆளுங்க ஏற்காடு ஏரிப் படகுக்கும் அதே ரெக்கையைச் சொல்றதுதான் தாங்க முடியலை. ஆளை ஏத்திக்கிட்டு மெதுவாச் சுத்தற படகு அது. 14 அடி நீளத்துக்கு மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள தன் அலைக்குள்ளயே சிக்கிக்கும், தண்ணிமேல எழும்பவே எழும்பாது. அங்க ரெக்கையும், ட்ரான்சத்தோட அடிவிளிம்புல மாட்டற ட்ரிம் டேப் தகடும் வெறும் இழுவை. அங்க பார்க்க வேண்டியது மலையோட உயரம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 4,500 அடிக்குப் போனா காத்து லேசாகுது, ஆயிரம் அடிக்கு 3 சதவீதம்னு மோட்டார் பலத்துல 13 சதவீதம் போயிடும். மேட்டூர்ல பொருந்தின ப்ரொப்பல்லர் அங்க கனம். பிட்ச் ஒண்ணு ரெண்டு அங்குலம் குறையணும்.

படகு ஒரு பக்கமாவே இழுத்தா, தட்டுக்கு அடியில குட்டி வால் மாதிரி இருக்கிற அனோடைப் (மோட்டாருக்குப் பதிலா தான் அரிச்சுப் போற உலோகத் துண்டு) பாருங்க (எல்லா மோட்டார்லயும் இருக்காது). வலது பக்கம் இழுத்தா அதோட பின்முனையை வலது பக்கமே திருப்பணும். தேய்ஞ்சு மாத்தும்போது அலுமினியமோ மக்னீசியமோ கேளுங்க. நல்ல தண்ணியில துத்தநாகம் சரியா வேலை செய்யாது. அதுக்கு பெயின்ட் அடிச்சிடாதீங்க.

இவ்வளவும் பார்த்த பிறகும் மூக்கு இறங்கலைன்னா, வேகமா எழும்பற படகுன்னா, அப்ப வாங்குங்க, ட்ரான்சத்துல மாட்டற ட்ரிம் டேப். படகு நீளம் ஒரு அடிக்குப் பக்கத்துக்கு ஒரு அங்குல அகலம்னு கணக்கு. 14 அடிக்கு 14 அங்குலம், மோட்டார் திரும்ப இடம் விட்டு. கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைச்ச தண்டு) வெச்சுத் தானா அமுங்கற வகைன்னா ஸ்விட்ச்சும் வயரும் வேண்டாம். ட்ரான்சத்துல போடற ஓட்டைக்குள்ள எபாக்ஸி பூசிட்டு, திருகைச் சீலன்ட்டோட இறக்குங்க. விட்டுட்டா உள்ள இருக்கிற மரம் ஊறும். ரெக்கைதான் வேணும்னு நின்னா ஓட்டை போடாம கவ்விப் பிடிக்கிற வகையை எடுங்க. பட்டறையில வெட்டின ஸ்டெயின்லெஸ் தகட்டை நேரா அலுமினியத்து மேல முடுக்காதீங்க, ரெண்டு உலோகம் ஈரத்துல ஒட்டினா அலுமினியம்தான் அரிக்கும். மாட்டின பிறகு முதல் ஓட்டம் லைஃப் ஜாக்கெட்டோட, ஆள் விழுந்தா மோட்டாரை நிறுத்தற கில் ஸ்விட்ச் கயிறு கையில, பாதி வேகத்துல. கரைக்கு வந்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்க.