வில்லி மேஸுக்கு வீடு கிடைக்காதபோது மேயர் என்ன செய்தார்

ஜார்ஜ் கிறிஸ்டோபரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். 1907இல் கிரேக்கத்தின் ஆர்க்கேடியாவில் பிறந்தார், சிறு குழந்தையாக சான் பிரான்சிஸ்கோ வந்தார், அப்பா நோயில் விழுந்ததும் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார், இரவு வகுப்பில் கணக்கியல் படித்தார், பால் பண்ணை நடத்தினார், 1956இல் அதே ஊருக்கு மேயரானார். எல்லாம் உண்மை. 1951இல் மிகக் குறைந்த வாக்குகளில் தோற்று, விடாமல் நின்று அடுத்த முறை ஜெயித்தார் என்பதும் உண்மை. ஆனால் கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

1957 நவம்பர். ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறது. அதைக் கொண்டுவர ஓடியாடிப் பேசியவர் இந்த மேயர்தான். அணியின் உயிரே வில்லி மேஸ். அவரும் மனைவியும் மிராலோமா டிரைவில் ஒரு வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், கேட்ட விலை 37,500 டாலரையும் தரத் தயாராக இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் பின்வாங்கினார். கறுப்பினக் குடும்பம் வந்தால் தங்கள் வீட்டு விலை இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தார் அவரை நெருக்கியிருந்தார்கள். மைதானத்தில் கைதட்ட மேஸ் வேண்டும், பக்கத்து வீட்டில் வேண்டாம்.

விஷயம் பத்திரிகையில் வந்ததும் கிறிஸ்டோபர் மேஸ் தம்பதியிடம் சொன்னது இதுதான்: வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் வந்து இருங்கள்.

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "தனியார் சொத்து, நான் என்ன செய்ய முடியும்" என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். சட்டமும் அவருக்குத் துணையாகத்தான் இருந்திருக்கும். நிறத்தைக் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் வீட்டு வசதிச் சட்டம் கலிபோர்னியாவில் 1963இல்தான் வந்தது. அதையும் அடுத்த ஆண்டே வாக்கெடுப்பில் மக்கள் தள்ளிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டியவர், தன் வீட்டுக் கதவைத் திறந்தார். கிறிஸ்டோஃபெலஸ் என்ற குடும்பப் பெயரை அமெரிக்கர் வாய்க்கு ஏற்றபடி கிறிஸ்டோபர் ஆக்கிக்கொண்ட வீட்டிலிருந்து வந்தவர் அவர். அந்நியனாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. கடைசியில் சொந்தக்காரர் மனம் மாறி வீட்டை விற்றார். அப்புறமும் மேஸ் வீட்டு ஜன்னலை யாரோ உடைத்தார்கள்.

சரி, இதே மனிதரின் காலத்தில்தான் 1960 மே 13ம் வந்தது. கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்த நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழு' சான் பிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்தில் விசாரணை நடத்த வந்திருந்தது. உள்ளே விடச் சொல்லி மாணவர்கள் அங்கே குவிமாடத்தின் கீழ் உட்கார்ந்து பாடினார்கள். போலீஸ் தீயணைப்புக் குழாயைத் திருப்பியது. பளிங்குப் படிகளில் தண்ணீர் வழிய வழிய, நனைந்த பிள்ளைகளைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். 64 பேர் கைது. மேயரோ இதை முன்னின்று நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள் என்றார். அதற்கு முந்தைய செப்டம்பரில் சோவியத் தலைவர் குருஷ்சேவை இதே ஊரில் மரியாதையாக வரவேற்றவர் அவர். லாஸ் ஏஞ்சலிஸில் முகம் சுளித்துப் போன குருஷ்சேவ் இங்கேதான் சிரித்தார். மாஸ்கோவிலிருந்து வந்த கம்யூனிஸ்டுக்குக் காட்டிய பொறுமையை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

1966இல் ஆளுநர் பதவிக்காக ரொனால்ட் ரீகனோடு குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்டுத் தோற்றார். ரீகனைத் தோற்கடிப்பது சுலபம் என்று நினைத்த, அப்போதைய ஜனநாயகக் கட்சி ஆளுநர் பாட் பிரவுனின் ஆட்கள், பால் விலைச் சட்ட மீறலுக்காக கிறிஸ்டோபர் மீதிருந்த பழைய தண்டனையைக் கிளறிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். அந்த நவம்பரில் பிரவுனே ரீகனிடம் கிட்டத்தட்ட 10 லட்சம் வாக்குகளில் தோற்றார். கிறிஸ்டோபருக்குப் பிறகு இன்றுவரை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குடியரசுக் கட்சி மேயர் வரவில்லை.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது தேர்தல் தோல்வியோ தண்ணீர்க் குழாயோ இல்லை. அவர் மேயராக இருந்த ஆண்டுகளில் 'வெஸ்டர்ன் அடிஷன்' பகுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் வீடு வீடாக இடித்தார்கள். கியரி தெருவை அகலப்படுத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் ஜப்பானிய வம்சாவளியினரும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அடைத்து வைத்த முகாம்களிலிருந்து திரும்பி வந்து மறுபடி கடை போட்ட ஜப்பானியக் குடும்பங்களும் அவர்களில் இருந்தன. இரண்டாம் முறையாக மூட்டை கட்டினார்கள். இவர்களில் யாருக்கும் மேஸைப் போலப் பேர் இல்லை. முதல் பக்கச் செய்தியும் இல்லை.

இந்தக் குடும்பங்கள் எங்கே போய்த் தங்கும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். வேறு ஒரு மேயராக இருந்தால் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர்.