தம்பி எடுத்தது ரயிலை, உங்கள் வீட்டு ஜன்னலை அல்ல

நடைமேடையில் நின்று ரயிலைப் படம் பிடித்த ஒரு பையனைச் சீருடைக்காரர் ஒருவர் மடக்கி, எடுத்ததையெல்லாம் அழிக்கவைக்கும் அந்த வீடியோவை, ரயில் பித்துப் பிடித்த எனக்கு அனுப்புவதை தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்தாயிற்று. "உங்க ஆளு ஒருத்தன் மாட்டிக்கிட்டான்" என்று சிரிக்கும் பொம்மை போட்டு அனுப்பியவர்கள், அனுப்பிவிட்டு "என்ன சார், பதிலே இல்ல" என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவன் தண்டவாளத்தில் இறங்கவில்லை. படியில் தொங்கவில்லை. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், தூணை ஒட்டி நிற்கிறான். வீடியோவிலேயே தெளிவாகத் தெரிகிறது. சட்டைப் பையிலிருந்து பிளாட்பார்ம் டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிறான். பத்து ரூபாய் டிக்கெட், இரண்டு மணி நேரம் செல்லும். "சார், ட்ரெயின் மட்டும்தான் சார்" என்று கெஞ்சுகிறான். சீருடைக்காரர் போனை வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, அழி, இதையும் அழி என்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். இதற்குத் தலைப்பு, "ரீல்ஸ் பைத்தியத்துக்கு வைத்தியம்".

எந்த நிலையம், எந்தப் படை என்று நான் எழுதப்போவதில்லை. அந்தச் சீருடைக்காரர் மேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. வெயிலில் காலையிலிருந்து நின்றிருப்பார், மேலே இருப்பவர் ஏதோ சொல்லியிருப்பார். எனக்குக் கோபம் அதைப் படம் பிடித்த புண்ணியவான் மேல். ரயிலை எடுத்தவன் போனைக் காலி செய்தார்கள். அந்தப் பையனின் முகத்தை, அவன் கண் கலங்குவதை, அவனைக் கேட்காமலே எடுத்து ஊருக்கெல்லாம் போட்டவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே நடைமேடைதான், அதே மாதிரி ஒரு போன்தான். ரயிலுக்கு இருக்கும் அந்தரங்கம் அந்தப் பையனுக்கு இல்லை போலிருக்கிறது.

சரி, கருத்துப் பெட்டியில் வந்தவற்றுக்கு வருவோம்.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" முக்கியம்தான். 2014 மே 1 காலையில் சென்னை சென்ட்ரலில் குவாஹாட்டி எக்ஸ்பிரஸில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் இறந்துபோனதை இந்த ஊர்க்காரன் நான் மறக்கவில்லை. சந்தேகம் வந்தால் கேளுங்கள், பையைத் திறந்து பாருங்கள், அடையாள அட்டை கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த ரயில் எத்தனை மணிக்கு எந்த நடைமேடையில் வருகிறது என்பதை ரயில்வேயே செயலியில் போடுகிறது, ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் கத்துகிறது. ராயபுரம் ஷெட்டின் வாப்-7 இன்ஜின் இழுத்துக்கொண்டு வந்ததா, ஈரோடு வாப்-4 வந்ததா என்பதில் எதிரி நாட்டுக்கு என்ன ரகசியம் கிடைத்துவிடும்? உண்மையில், நடைமேடைக் கோடியில் மணிக்கணக்கில் நிற்கிறவன்தான் அனாதையாகக் கிடக்கும் பையை முதலில் பார்ப்பான். பிரிட்டனில் ரயில் தண்டவாளங்களையும் பெரிய நிலையங்களையும் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் ரயில், ரயில் ரசிகர்களுக்கென்றே நடத்தை விதிகளை எழுதி வைத்திருக்கிறது. ஃபிளாஷ் போடாதே, மஞ்சள் கோட்டைத் தாண்டாதே, வந்ததும் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான். அங்கே விதியைச் சொல்லி நிற்க விடுகிறார்கள். இங்கே விதி என்ன என்று கேட்டால் "ஏய், நீ யாரு" என்பதுதான் பதில்.

"ரீல்ஸ் எடுக்கிறேன் என்று எத்தனை பேர் சாகிறார்கள் தெரியுமா?" தெரியும். உங்களைவிட எனக்கு அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் என்னைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். தண்டவாளத்தில் இறங்குவது குற்றம். ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிடியுங்கள், போடுங்கள், நான் கைதட்டுகிறேன். ரயிலுக்கு முதுகைக் காட்டித் தன் மூஞ்சியை எடுக்கிறவன் வேறு, மூஞ்சியையே காட்டாமல் ரயிலை எடுக்கிறவன் வேறு. இவன் தான் எடுக்கும் வீடியோ முழுக்கக் குரல்கூடக் கொடுக்கமாட்டான். ஹாரன் சத்தம் கெட்டுப்போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பக்கத்தில் இருப்பவர் இருமினால் மனசுக்குள் அழுவான்.

"யூடியூப்பில் போட்டுச் சம்பாதிக்கிறார்கள்." ஆமாம் ஆமாம், எல்லாரும் போயஸ் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்! எனக்குத் தெரிந்த பையன்களில் பாதிப் பேருக்கு அந்த வருமானம் பிளாட்பார்ம் டிக்கெட்டுக்குக்கூடத் தேறாது. வணிக நோக்கத்தில் எடுத்தால் அனுமதி வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும் என்பது சரியான விதி. சினிமாக்காரர்கள் கட்டுகிறார்கள், விளக்கும் கிரேனும் வைத்து எடுக்கிறார்கள். ஒரு போனும் ஒரு பவர் பேங்கும் வைத்திருக்கிறவனுக்கு அந்த அளவுக்கு ஏற்ற ஒரு வழியைச் சொல்லுங்கள், வரிசையில் நின்று கட்டுகிறோம்.

ஒரு தோழி மட்டும் நியாயமான ஒன்றைக் கேட்டிருந்தார். "உங்கள் ரயில் வீடியோவில் நான் ஏன் இருக்க வேண்டும்?" இருக்கக் கூடாதுதான். பெண்கள் பெட்டிப் பக்கம் கேமராவைத் திருப்புகிறவனை நானே அடிக்கப் போவேன். இதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவர் சொல்வது சரி.

மற்றபடி, அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை.

எனக்கு இந்தப் பித்து அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கு பாரிமுனையில் வேலை. சனிக்கிழமை அரை நாள். என்னைக் கூட்டிக்கொண்டு வந்து எழும்பூர் மேம்பாலத்தில் நிறுத்துவார். அப்போது எழும்பூர் முழுக்க மீட்டர் கேஜ். தெற்கே போகிறவர்கள் எல்லாம் அங்கேதான். 1977இல் விட்ட வைகை எக்ஸ்பிரஸ் அந்தக் குறுகிய பாதையில் அப்படிப் பறக்கும் என்று அப்பா தானே ஓட்டியது மாதிரிச் சொல்வார். அந்தச் சின்ன மின்சார ரயில்களைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓட ஆரம்பித்த மீட்டர் கேஜ் மின்சார சேவை, 2004 ஜூலை தொடக்கத்தோடு நின்றது. எழுபது வருடத்துக்கு மேல் இந்த ஊரையே வேலைக்குக் கூட்டிப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட ரயில். அது நிற்கப்போகிறது என்றபோது இந்த ஊரில் எத்தனை பேர் கேமராவை எடுத்துக்கொண்டு போனார்கள்?

அண்ணனின் நண்பர் ஒருவர் போனார். வாடகைக்கு ஒரு ஹேண்டிகேம் எடுத்து, பூங்கா நிலையத்தில் நின்று எடுத்தார். அன்றைக்கும் ஒருவர் வந்து "என்ன எடுக்கற, எதுக்கு எடுக்கற" என்று கேட்டாராம். அந்த கேசட்டை அவர் பிற்பாடு சிடியாக மாற்றி எங்களுக்குப் போட்டுக் காட்டினார். ரயில் வருவது கொஞ்ச நேரம்தான். மீதி முழுக்க ஊர். டிபன் கேரியரோடு ஓடுகிறவர்கள், வேர்க்கடலை விற்கும் பாட்டி, கையால் எழுதிய பெட்டி எண் பலகை, பின்னால் சென்ட்ரல் கோபுரம், அதற்கு முன்னால் இப்போது இல்லாத கடைகள். அவர் ரயிலைத்தான் எடுத்தார். கூடவே இதெல்லாம் வந்து சிக்கிக்கொண்டது.

இதைத்தான் நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நகரத்தின் நடுப்பகுதி கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. அதை நாள் தவறாமல் போய்ப் பதிவுசெய்கிறவர்கள் இந்த "வேலைவெட்டி இல்லாத" பையன்கள்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அது இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. இன்றும் ரயில்காரர்கள் அதை எம்.எம்.சி., அதாவது மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், அந்த இரண்டு 'எம்'மும் எரிந்துபோன கடைத்தெருவின் பெயர் என்று ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியாது. 1908இல் திறந்த எழும்பூர் நிலையத்தைச் சுற்றி இப்போது சுமார் 735 கோடி ரூபாய்க்கு வேலை நடக்கிறது. சிவப்புக் கட்டிடம் அப்படியே இருக்கும் என்கிறார்கள், நல்லது. ஆனால் அதன் இரண்டு பக்கமும் எழுவதைப் பார்த்தீர்களா? காந்தி இர்வின் சாலையிலிருந்து அந்தக் கட்டிடம் தெரிந்த விதம் இனி வராது. வேலைக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வாரம் யார் போய் எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பையன்கள்தான்.

கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27இல் நிறுத்தினார்கள், எழும்பூர் வரை நான்காவது பாதை போடுவதற்காக. ஏழு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் ஆனது. அந்தக் காலம் முழுக்கக் கோட்டை நிலையத்துப் பக்கத்தில் எத்தனை அடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், எந்தச் சுவர் பாக்கி என்று வாராவாரம் வீடியோ போட்டது எந்தத் தொலைக்காட்சி? தினமும் பேருந்தில் இடிபட்டுக்கொண்டிருந்த நீங்கள் எல்லாரும் "எப்ப சார் திறக்கும்" என்று போய்க் கேட்டது யாரிடம்? அன்றைக்கு அவன் "சூப்பர் ப்ரோ". இன்றைக்கு பைத்தியம்.

யானைக்கவுனி பாலத்தைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். சென்ட்ரலுக்குள் நுழைகிற அத்தனை வண்டிகளையும் மேலிருந்து பார்க்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. பல வருடம் மூடி வைத்து, இடித்து, புதிதாகக் கட்டினார்கள். வேண்டிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே பார்த்தாலும் இதே கதை. ஒரு பக்கம் தகரத் தடுப்பு, ஒரு பக்கம் இரும்பு வலை, ஒரு பக்கம் "இங்கே நிற்காதீர்". மெட்ரோ வந்தது, 2018இல் சென்ட்ரலுக்கே வந்துவிட்டது, நானும் அதில்தான் போகிறேன், குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலை எந்தப் பாலத்தில் நின்று பார்ப்பது? சுரங்க நிலையத்தில் கண்ணாடிக் கதவு. ரயில் வருகிறது என்று குழந்தை எட்டிப் பார்த்தால் அதன் மூஞ்சிதான் தெரிகிறது. புதிதாக எதைக் கட்டினாலும் அதில் நடக்கலாம், வாங்கலாம், ஏறலாம். சும்மா நிற்பதற்கு மட்டும் இடம் வைப்பதில்லை. சும்மா நிற்கிறவன் சந்தேகத்துக்குரியவன். அவன் கையில் போன் இருந்தால் முடிந்தது கதை.

இந்த மெனக்கெடலை ஏன் இவ்வளவு கேவலமாகப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. ஐந்து நாள் டெஸ்ட் மேட்சை உட்கார்ந்து பார்ப்பவரை யாரும் பைத்தியம் என்பதில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃபில் நம் ஊர்க்காரர்கள் கட்டிய வந்தே பாரத் என்றால் மட்டும் நெஞ்சு நிமிர்த்தி ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். அதே தொழிற்சாலை பழைய மாதிரிப் பெட்டியைச் செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்தியது. நீங்களும் நானும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போன அந்த நீலப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போகின்றன. எந்த வண்டியில் இன்னும் அது ஓடுகிறது என்று தேடிப் போய் எடுக்கிறவன் பைத்தியமாம்.

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், உறவுக்காரர் ஒருவர் நாலு பேருக்கு நடுவே என் தோளில் தட்டி, "என்ன மாப்ள, இன்னுமா குழந்தை மாதிரி ரயில் பாத்துக்கிட்டுத் திரியற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகள் மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கழித்து அதே மனிதர் வந்து "மாப்ள, எழும்பூர் பழைய போட்டோ நல்லதா ஒண்ணு இருந்தா அனுப்பேன், குரூப்ல போடணும்" என்கிறார்.

அனுப்பினேன். அதுதான் எங்கள் பிரச்சினை. எப்போதும் அனுப்பிவிடுகிறோம். வருடா வருடம் ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் வந்தால் போதும், ஊரே மெட்ராஸ் காதலர்களாகிவிடும். "அந்தக் காலத்து மெட்ராஸ்" என்று படம் படமாய் வரும். அதை எடுத்தவன் பெயர் இருக்காது, ஓரத்தில் இருந்த அவன் கையெழுத்தை வெட்டியிருப்பார்கள். அந்தப் படத்தை எடுத்த அன்றும் யாரோ ஒருவர் அவனைத் தள்ளி நில் என்று விரட்டியிருப்பார். இந்த வருடம் என்னிடம் கேட்டு வராதீர்கள். அந்த வீடியோவுக்குக் கீழே சிரித்தவர்கள் பெயரெல்லாம் என்னிடம் இருக்கிறது, நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

"ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று கேட்கப்போகிறவருக்கு: ஆமாம், இவ்வளவு பெரிய பதிவுதான். பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள்.

கடைசியாக, அந்தத் தம்பிக்கு. உன்னை எனக்குத் தெரியாது, யாராவது இதை உன்னிடம் சேர்த்தால் சரி. அவர் அழிக்கச் சொன்னவை பெரும்பாலான போன்களில் உடனே போய்விடாது. கேலரியில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட ஒரு பகுதி இருக்கும், அதில் முப்பது நாள் வரை கிடக்கும். இன்றைக்கே திறந்து பார். இருந்தால் மீட்டெடுத்து, போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்காவது ஒரு பிரதி போட்டுவை. அப்புறம், பின்னால் வந்த அந்த வண்டியில் லோகோ பைலட் உனக்கு இரண்டு முறை ஹாரன் அடித்தார், கவனித்தாயா? அவர்கள் எல்லாரும் சிரித்த சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. அந்த வீடியோவில் நன்றாகவே கேட்கிறது.