பேப்பர் சுத்துறதுக்கு ஒரு கடையா?

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுயதொழில் கடன் முகாமில் நடந்ததைப் பார்க்காதவர்கள் நம் வட்டத்தில் அநேகமாக இருக்க மாட்டார்கள். வீடியோவை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மேடையில் இருந்த பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, பேப்பர் சுத்துறதுக்கு ஒரு கடையா? அதுக்கு பேங்க்ல லோன் வேற வேணுமா?" என்று கேட்டாரே, கூட்டமே சிரித்ததே, அதுதான். கிஃப்ட் பேக்கிங் கடை வைக்க லோன் கேட்டு எழுந்து நின்றிருந்த அந்தப் பிள்ளை, கையில் இருந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் என் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். அதனால்தான் நான்கு நாள் பொறுத்து எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கிஃப்ட் பேக்கிங் கடை ஒரு தொழில்தான். அதை வைத்துப் பிழைக்க முடியும். ஒன்பது வருடமாக நான் பிழைக்கிறேன்.

கணக்கு கேட்பவர்களுக்குக் கணக்கே சொல்கிறேன். என் கடை மதுரையில், ஒரு பாத்திரக் கடைக்கு எதிரே, பத்துக்குப் பத்துகூடத் தேறாத இடம். கூப்பிடு தூரத்தில் இரண்டு கல்யாண மண்டபம். 2016 ஆவணியில் திறந்தபோது கையில் இருந்தது 38,000 ரூபாய். அட்வான்ஸ் 20,000, மேஜையும் அலமாரியும் 7,000, மிச்சம் 11,000-க்குப் பேப்பரும் ரிப்பனும். இன்றைக்கு வாடகை 8,500. முகூர்த்த நாளில் காலையும் மாலையுமாக நாற்பது பார்சல் சுற்றுவோம். சின்ன டப்பாவுக்கு 40 ரூபாய் வாங்குகிறேன். பேப்பர் 10, டேப்பும் ரிப்பனும் 5 போக 25 நிற்கும். ஆக அன்றைக்கு ஆயிரம் ரூபாய்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பேப்பர் சுற்றுவதை மட்டும் நம்பினால் கடை நிற்காது. வாடகை கொடுக்கலாம், வீட்டுக்கு அரிசி வாங்க முடியாது. கடையைத் தாங்குவது சீர்த்தட்டு. எங்கள் பக்கம் காதுகுத்தோ சடங்கோ நிச்சயமோ வளைகாப்போ, தட்டு வரிசை இல்லாமல் கிடையாது. தாய்மாமன் சீர் என்றால் 21 தட்டில் தொடங்கி 51, 101 என்று போகும். போன வாரம் ஒரு மாமன் 51 தட்டு சொன்னார். தட்டுக்கு 180 வீதம் 9,180 ரூபாய். நெட் துணி, ரிப்பன், பூ என்று தட்டுக்கு 60 செலவு, அது 3,060. உதவிக்கு வந்த இரண்டு பேருக்கு ஆளுக்கு 600. எனக்கு நின்றது 4,920. தட்டெல்லாம் என்னுடையது, மறுநாளே திரும்பி வந்துவிடும். இரண்டு ராத்திரி கண் விழித்தேன், முழங்கால் வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் இப்படி நான்கு ஐந்து ஆர்டர் வரும். இது தொழில் இல்லை என்றால் வேறு எதைத் தொழில் என்பது?

"ஆடியில் என்ன செய்வாய்?" என்று உடனே கேட்பார்கள். ஆடியில் புதுத் தம்பதிகளுக்கு ஆடிச் சீர் போகும், ஏழு தட்டு, ஒன்பது தட்டு. மார்கழியில் கல்லூரிப் பிள்ளைகள் கிறிஸ்மஸுக்கு யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று கிறிஸ்மா, கிறிஸ் சைல்ட் சீட்டெடுத்துவிட்டுச் சின்னச் சின்னப் பொருளோடு வந்து நிற்பார்கள். அதை அடுத்துப் பள்ளி ஆண்டு விழாப் பரிசுகள் வரும். முந்நூறு பரிசு, பேப்பர் அவர்களுடையது, சுற்றுகூலி ஒன்றுக்கு 8 ரூபாய். ஆனாலும் ஆடியும் மார்கழியும் கையைக் கடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கல்யாண மண்டபமும்தான் ஆடியில் பூட்டிக் கிடக்கிறது. பட்டாசுக் கடைக்கு வருடத்தில் எத்தனை நாள் வியாபாரம்? அவர்களைப் பார்த்து இதெல்லாம் ஒரு தொழிலா என்று மைக்கில் யாரும் கேட்டதில்லை.

சரி, அடுத்த கேள்வி. "பொருள் வாங்கும் கடையிலேயே சும்மா சுற்றித் தருகிறார்களே, உனக்கு எதற்கு 40 ரூபாய்?" இந்தக் கேள்விக்கு என்னைவிடப் பதில் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது.

பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரு பாத்திரக் கடையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல், ஒரு பலகை, ஒரு கத்தரி. எட்டு வருடம் அங்கேயேதான். பில் போட்டு வரும் பொருளைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு வைகாசியில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது என் பலகையின் மேல் இரண்டு குத்துவிளக்குகள் இருந்தன. வாங்கியவர், "அந்தப் பொண்ணு வந்து சுத்தட்டும், நான் நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதமே சம்பளத்தில் 500 ரூபாய் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். "சும்மா குடுக்குற வேலைக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொல்றியேம்மா" என்றார்.

சும்மா கொடுத்தது கடை. சும்மா போனது என் எட்டு வருடம். கடையில் இலவசமாகச் சுற்றித் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும்.

அந்தக் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். டப்பாவைச் சுற்ற எல்லாராலும் முடியும். குத்துவிளக்குக்கு அடி அகலம், தண்டு ஒல்லி, மேலே ஐந்து முகம், அதற்கும் மேலே அன்னம். முகங்களுக்கு இடையில் செய்தித்தாளைச் சுருட்டி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு பேப்பரைக் குத்திக் கிழித்துவிடும். அதன் மேல் மெல்லிய அட்டையை உருளையாகச் சுற்ற வேண்டும். அப்புறம்தான் பேப்பர். கத்தரியைத் திறந்து திறந்து மூடி வெட்டினால் ஓரம் பல் பல்லாக வரும். பாதி திறந்தபடியே வைத்து ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். வெட்டிய ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து, அடியில் புடவைக் கொசுவம் போல விரற்கடை அளவுக்கு மடிப்பு மடிப்பாக எடுத்து, ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். கடைசி மடிப்பு முதல் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். டேப் கண்ணில் படக் கூடாது. அந்தப் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆனது. முதல் மாதம் அவள் கெடுத்த பேப்பரை எல்லாம் நான் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தேன். இப்போது என்னைவிட அழகாகச் செய்கிறாள். அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

யூடியூப் பார்த்து நாங்களே செய்துகொள்வோம் என்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் முகூர்த்தம் ஏழரைக்கு இருக்கும்போது ஆறேமுக்காலுக்கு, பட்டு வேட்டியோடு ஒரு கையில் மிக்ஸியும் ஒரு கையில் குழந்தையுமாக, "அக்கா, அஞ்சு நிமிசத்துல குடுத்துருவீங்களா?" என்று ஓடி வருகிறார்களே, அந்த நேரத்தில் யாரும் யூடியூப் பார்ப்பதில்லை. என் கடை நடப்பதே அந்த ஐந்து நிமிடத்தால்தான். கடையை எங்கே போடுகிறோம், எத்தனை மணிக்குத் திறக்கிறோம், அதில்தான் இந்தத் தொழிலின் உயிரே இருக்கிறது. பத்து மணிக்குத் திறக்கிறவர்கள் இந்தக் கடை போட வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் அவர்களே சுற்றி அனுப்புகிறார்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆன்லைன்காரர் காதுகுத்துக்குத் தட்டு கட்ட வரமாட்டார், அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

"இப்போது யார் பொருள் கொடுக்கிறார்கள், எல்லாரும் மொய்தானே" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவரும் என் கடையில் தொங்குகிறது. ரூபாய் நோட்டில் மயில் செய்து தரச் சொல்லியும் வருவார்கள். செய்வேன், ஆனால் நோட்டில் ஸ்டேப்ளர் அடிக்க மாட்டேன், பசை தடவ மாட்டேன். கண்ணாடிக் கவருக்குள் வைத்துத்தான் அடுக்குவேன். நோட்டைக் கெடுக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறது.

சுற்றுகிற தாளெல்லாம் கடைசியில் குப்பைதானே என்று சொன்ன நண்பருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ஆம் தேதி பிளாஸ்டிக் தடை வந்தது. அப்புறம் 2022 ஜூலை 1 முதல் ஸ்வீட் பாக்ஸ், அழைப்பிதழ் மேலெல்லாம் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளுக்கும் நாடு முழுக்கத் தடை வந்தது. என்னிடம் இருந்த கட்டு அப்படியே முடங்கியது. ஆறாயிரம் ரூபாய் நஷ்டம். அதன்பிறகு தட்டுக்கு நெட் துணி, தாம்பூலத்துக்கு மஞ்சப்பை என்று மாறிக்கொண்டோம். ஜிகினா பேப்பரை இன்னும் முழுசாக நிறுத்தவில்லை. கேட்கிறார்கள், கொடுக்கிறேன். ஆனால் நூறு தட்டுச் சீரை வாசலில் நின்று ரசித்துவிட்டு வீட்டுக்குப் போய் என் கடையை மட்டும் குப்பை என்று எழுதினால் எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

பேப்பரில் என்ன பெரிய காசு என்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1917 கிறிஸ்மஸ் சமயத்தில் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்கள் கடையில் பரிசு சுற்றும் டிஷ்யூ பேப்பர் தீர்ந்துபோனது. தபால் உறைக்கு உள்ளே ஒட்டுவதற்கென்று பிரான்சிலிருந்து வரவழைத்திருந்த அலங்காரக் காகிதத்தை எடுத்து, தாள் பத்து சென்ட் என்று வைத்தார்கள். விற்றுத் தீர்ந்தது. அந்தக் கடைதான் பின்னாளில் ஹால்மார்க் என்ற பெரிய வாழ்த்து அட்டைக் கம்பெனி ஆனது. நான் ஹால்மார்க் ஆகப் போவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் சென்னையில் இறங்கி, பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் பேப்பர் எடுத்துக்கொண்டு அன்று ராத்திரியே திரும்புகிறவள் நான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தெருவில் தலைச்சுமையாகப் போகும் காகிதக் கட்டுகளைப் பார்க்கும்போது, எத்தனை குடும்பம் இதில் சோறு தின்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

லோன் வேற வேணுமா என்றாரே, அதற்கும் சொல்ல வேண்டும். சிறு தொழிலுக்குக் கடன் கொடுக்கும் மத்திய அரசின் முத்ரா திட்டம் 2015-இல் வந்தபோது 50,000 ரூபாய் வரைக்கும் சிசு என்று ஒரு பிரிவை வைத்தார்கள். சின்னதாகத் தொடங்குகிறவர்களுக்கென்றே வைத்த பிரிவு அது, அதற்குப் பிணை தேவையில்லை. அவள் கேட்டதும் அந்த 50,000-தான். அவள் பிச்சை கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டாள். பலகாரக் கடைக்கு எழுந்த அண்ணனிடம் எந்த ஊரில், எந்தத் தெருவில், எவ்வளவு முதலீடு என்று அதே பெரியவர் பத்து நிமிடம் பேசினார், வீடியோவில் இருக்கிறது. அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மடித்து வைத்த அந்தப் பேப்பரில் எல்லாம் எழுதி வைத்திருந்தாள், நான்தான் சரிபார்த்தேன்.

2020-இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று ஆனபோது நான் ஐந்து மாதம் கடையைத் திறக்கவில்லை. வாடகைக்கு வளையலை வைத்தேன். "இதை விட்டுட்டு வேற ஏதாவது தொழில் பாருடி" என்று என் அம்மாவே சொன்னார்கள். அன்றைக்கு அம்மா வாயிலும் அது தொழில் என்றுதான் வந்தது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் "சுயதொழில், கிஃப்ட் பேக்கிங் கடை" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் என் கண் முன்னால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு "இல்லத்தரசி" என்று எழுதினார். ஏன் மேடம் என்று கேட்டேன். "வீட்லருந்து செய்றதுதானம்மா?" என்றார். கடை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார். பின்னால் ஆள் நின்றார்கள், மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாமல் வந்ததுதான் இன்றைக்கு இவ்வளவு நீளமாக வருகிறது போல.

அந்தப் பெரியவர் மேல் எனக்குத் தனியாகக் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்து மூன்று தடவை அழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. கம்பும் துணியும் வைத்துப் பந்தல் போடுகிறவரைக் கான்ட்ராக்டர் என்கிறார்கள். அதே பந்தலுக்குக் கீழே நூறு தட்டு கட்டி வைக்கிற பெண்ணிடம், பொழுதுபோக்குக்குச் செய்றியாம்மா என்று கேட்கிறார்கள். ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் எண்ணவில்லை.

திங்கட்கிழமை அவளோடு நானும் வங்கிக்குப் போகிறேன். 2016-லிருந்து எழுதி வைத்திருக்கும் கணக்கு நோட்டு ஒன்பதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மேலாளர் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி, மேஜை மேல் வைப்பேன். நாளை மறுநாள் முகூர்த்தம், கடை காலை 5.30-க்கே திறந்திருக்கும். அவளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், 31 தட்டு இருக்கிறது.